கழிவா, சரக்கா

சுங்கப் படிவத்தில் ஒரு கட்டம்.
கழிவா, சரக்கா என்று கேட்டது.
லாரியில் நாற்பது மூட்டை உமிச் சாம்பல்,
கெடாவில் ஓர் அரிசி ஆலையின் கொதிகலன் கக்கியது.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன்.
பிறகு 'சோதனை மாதிரி' என்று எழுதினேன்.
அது பொய்யுமில்லை.

சொல்லிக்கொள்ள ஒரு வயல் இல்லாத தீவு.
சோறு கப்பலில் வருகிறது,
மணல் கப்பலில், சல்லி கப்பலில்,
சிமெண்ட் ஜூரோங் துறையில் குழாய் வழியே இறங்குகிறது.
அரிசி எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது.
அதன் சட்டை இப்போதுதான் வருகிறது,
எரிந்து.

முதல் மூட்டை கன்னங்கறுப்பு.
வேகவில்லை என்றார் லாவ் மேடம்,
அரைவேக்காட்டுச் சோற்றைத் தள்ளிவைப்பதுபோல.
இரண்டாவது வெளிறிய இளஞ்சிவப்பு:
மிஞ்சி எரிந்து, உள்ளே பளிங்காகி
இனி யாரோடும் ஒட்டாது.
ஏழாவது மூட்டையில்தான் அந்தச் சாம்பல்,
புளோக் அடியில் படுத்திருக்கும் பூனையின் முதுகு நிறம்.
விரலில் தொட்டேன்.
கை தானாக நெற்றிக்குப் போனது.
ஹெல்மெட் விளிம்பு தடுத்தது.

நூற்றுக்குப் பதினைந்து பங்கு சிமெண்ட்டை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் இதைப் போட்டோம்.
குடித்தது பார்,
அப்படி ஒரு தாகம்.
கூம்பை உயர்த்திய பிறகும் கலவை
இடுப்பு வளையாமல் நின்றது.
ஷோஹாக் கரண்டியால் தட்டிப் பார்த்தான்.
"உட்காரவே மாட்டேங்குது அக்கா,"
டாக்காவிலிருந்து வந்தவன், இங்கே கற்ற தமிழில்.
தண்ணீர் ஊற்றினால் பலம் போகும்.
ஊற்றாவிட்டால் வேலை போகும்.
மூன்று நாள், இளக்கி மருந்தைச்
சொட்டுச் சொட்டாகக் கூட்டி
வழிக்குக் கொண்டுவந்தோம்.

ஏழாம் நாள் நசுக்கியபோது
சாதா கலவை முப்பத்திரண்டு.
எங்களுடையது இருபத்தாறு.
உமியைக் குத்திக் கை சலிக்கிறாய் என்று
வீட்டில் சேந்தன் சிரித்தார்.
பள்ளியில் அவர் மனப்பாடம் செய்த
ஐந்து பழமொழியில் அது ஒன்று.
என் தட்டில் தாய்லாந்து அரிசி.
பிசைந்துகொண்டே இருந்தேன்.

மிச்சக் கட்டிகள் தொட்டிக்குள் கிடந்தன,
சுண்ணாம்புத் தண்ணீரில், இருபத்தேழு பாகையில்.
அங்கே நடப்பதை எட்டிப்பார்க்க முடியாது.
சிமெண்ட் உண்டு மிச்சம் வைத்த சுண்ணாம்பைச்
சாம்பல் தேடிப் பிடிக்கிறது,
பிடித்ததைக் கல்லாக்குகிறது,
அவசரமே இல்லாமல்,
ஹரி ராயா விடுமுறையிலும்,
நான் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளிலும்.

இருபத்தெட்டாம் நாள்
கூண்டுக் கதவைச் சாத்தினேன்.
எண்கள் ஏறின.
முப்பத்தைந்து.
நாற்பத்தொன்றில் சாதா கலவை உடைந்திருந்தது,
எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.
லாவ் மேடம் காப்பியைக் கீழே வைத்தார்.
நாற்பத்து மூன்று.
நாற்பத்து நான்கு என்று தெரிந்த கணம்
டப்.
நான்கு பக்கமும் சிதறிவிழ
நடுவில் ஓர் உடுக்கை நின்றது,
இடை சிறுத்து, மேலும் கீழும் விரிந்து.
யாரும் கைதட்டவில்லை.
ஷோஹாக் துடைப்பம் எடுக்கப் போனான்.
மேடம் மட்டும் எண்ணை இரண்டு முறை எழுதினார்,
முதல் முறை பேனா எழுதாததால்.

எட்டு மாதம் கழித்து அனுமதி வந்தது.
மாடிக்கு இல்லை, தூணுக்கு இல்லை.
பூன் லேயில் ஒரு புளோக்கின் பின்னால்
குப்பைத் தொட்டி உருளும் சரிவுப் பாதைக்கு,
பதினோரு மீட்டர்.

ஞாயிறு காலை பார்க்கப் போனேன்.
குனிந்து தடவிக்கொண்டிருந்தேன், பைத்தியம்போல.
"தள்ளி நில்லும்மா" என்று
பச்சைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சொன்னார்.
நின்றேன்.
சக்கரம் ஏறியது, கடகடவென்று,
ஒரு கீறலும் இல்லை.
மூடி சரியாக மூடவில்லை.
உள்ளே, பை கிழிந்து,
யார் வீட்டிலோ மிஞ்சிய
நேற்றைய சோறு.